ரெண்டு தேதிக்காரர்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், அவர்மேல் கோபம் தீராத நான்கு பேராவது இன்றும் திருத்தணியில் இருக்கிறார்கள். அவர்கள் என்னிடம் சண்டைக்கு வரட்டும், எனக்கு அச்சமில்லை. அவர் வீட்டுப் படியேறினால்தான் தொல்லை. அலுவலகத்தில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ‘ரெண்டு தேதி’. அதுவே இங்கே போதும். பிடிவாதக்காரர், யாருக்கும் ஆகாதவர், சோறு போட்ட இடத்தின் கதவைத் தம் கையாலேயே சாத்தியவர் என்று மூன்று குற்றச்சாட்டுகளை ஊர் அவர்மேல் சுமத்தியது. முதலாவதை ஒப்புக்கொள்கிறேன். மற்ற இரண்டையும் மறுக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். திருப்பதிப் பேருந்துகள் திரும்பும் சாலையில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில், சென்னை நிறுவனம் ஒன்றின் சின்னக் கிளை நடந்தது. மேலாளரையும் சேர்த்து ஒன்பது பேர். மலையடிவாரத்து விடுதிகளுக்கும் சத்திரங்களுக்கும் அறை முன்பதிவு செய்யும் மென்பொருளை நாங்கள் எழுதிக்கொண்டிருந்தோம். நான் ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துபோனேன். கல்லூரியில் எந்தப் பேச்சு மேடையிலிருந்தும் முதற்பரிசின்றி இறங்காதவள் என்பதால், மென்பொருள் எப்படி நடக்க வேண்டும் என்ற விதிமுறைகளை எழுதி விளக்கும் வேலை எனக்கு. நாங்கள் எழுதியதில் பிழை தேடுவது அவருக்கு.

வெயில் கொளுத்தும் ஊரில் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டையோடு இருப்பார். இடக் காது சற்று மந்தம். யாராவது பேசினால் தலையைத் திருப்பி வலப்பக்கத்தைக் கொடுத்துக் கேட்பார். அறியாதவர்கள் அதைத் திமிர் என்றார்கள். தலைமுறைகளாக மலைக்கோயிலில் சமைக்கும் குடும்பம். வீட்டில் ஒரு பேச்சு, தெருவில் ஒரு பேச்சு என்று வளர்ந்தவர். அலுவலகத்துக்குத் தெருப்பேச்சையே கொண்டு வந்தார்.

பிழை ஒன்று வெளியே வந்தால் மற்றவர்கள் ‘யார் செய்தது?’ என்று கேட்பார்கள். அவர் அதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவரிடம் இருந்தவை இரண்டே கேள்விகள்.

“எப்ப தெரியும்? எப்ப சொன்ன?”

நீளமான ஒரு நோட்டில் ஒவ்வொரு பிழைக்கும் எதிரே அந்த இரண்டு தேதிகளையும் எழுதுவார். இடையில் எத்தனை நாள் என்று கழித்துப் போடுவார். செய்தவர் பெயருக்கு அந்த நோட்டில் இடமே கிடையாது. பெயர் இல்லாததால், மேலாளரிடம் மூச்சு விடாதவர்களும் அவரிடம் வந்து, “சார், போன வாரமே தெரியும்” என்று முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். தம்முடைய பிழைகளை மட்டும் அவர் முணுமுணுத்ததில்லை. தேநீர் வந்துவிட்டது என்று அறிவிக்கும் அதே குரலில், “எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து அந்தச் சத்திரத்துக்கு நான் குடுத்தனுப்பின சிடி பழசு. இப்பதான் தெரிஞ்சிது” என்பார். முதல் மாதத்தில் சிரித்தோம். இரண்டாம் மாதத்தில் சிரிக்கச் சலித்தோம்.

இந்தப் பழக்கத்தை அவர் அலுவலகத்தில் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரும் அல்லர். ஒரு மாலை ஆர்.கே.பேட்டை போகும் தனியார் பேருந்து வரவே இல்லை. முக்கால் மணி நேரம் கழித்து நேரங்காப்பாளர், வண்டி பழுது என்றார். என்னோடு பேசிக்கொண்டு நின்றிருந்த ‘ரெண்டு தேதி’ அவரிடம் போய் வலக்காதைக் கொடுத்தார்.

“வண்டி வராதுன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?”

“மத்தியானமே தெரியும் சார்.”

“எங்களுக்கு எப்ப சொன்னீங்க?”

“இப்பத்தான் சொல்லிகினு கீறேனே. நீ இன்னா சார், போலீஸா?”

“இல்லீங்க. சும்மா அளவு பாக்கறேன்.”

சொன்னவர் உண்மையிலேயே சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்து அதைக் குறித்துக்கொண்டார். கூட்டம் சிரித்தது. எனக்கு அவமானமாக இருந்தது என்பதை மறைக்கவில்லை.

அவருக்குப் பெண் பார்த்த கதையை மேலாளரே வாய் ஓயாமல் சொல்வார். மேலாளர் நகரிப் பக்கத்தவர், வீட்டில் தெலுங்கு. எங்கள் எல்லோரையும் நைனா என்றே அழைப்பார். பெண் வீட்டார் இனிப்பைக் கையில் எடுக்கும் நேரத்தில் இவர், “எனக்கு ஒரு காது சரியாக் கேக்காது, தெரிஞ்சிக்குங்க” என்றாராம். இனிப்பு தட்டுக்கே திரும்பிவிட்டது.

“கம்முனு இருந்திருந்தா கல்யாணமே முடிஞ்சிருக்கும் நைனா” என்று மேலாளர் சீண்டுவார்.

“ஆங், முடிஞ்சிருக்கும். அப்புறம் எந்த நாள் பாத்துச் சொல்றது?” என்று இவர் கேட்பார். கேட்டுவிட்டுக் கணினித் திரைக்குத் திரும்பிவிடுவார்.

இப்படிப்பட்டவர் கையில்தான் சென்னையிலிருந்து அந்தக் கேள்வித்தாள் வந்து சேர்ந்தது. நல்ல மென்பொருள் நல்ல பழக்கமுள்ள அலுவலகத்தில்தான் பிறக்கும். ஆகவே ஒவ்வொரு கிளையின் பழக்கத்தையும் அளக்க வேண்டும் என்பது தலைமையின் முடிவு. முப்பது வாக்கியங்கள். ‘பிழையைக் கண்டவர் அச்சமின்றிச் சொல்லலாம்.’ ‘தரத்தைக் கூட்டும் யோசனைகள் இங்கே காது கொடுத்துக் கேட்கப்படுகின்றன.’ ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கி எல்லோருக்கும் தந்தவர் அவரே. திரட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டியவரும் அவரே.

மேலாளர் எங்களைக் கூட்டினார். “சராசரி நாலுக்குக் கீழ போச்சின்னா இந்தக் கிளைய மூடிடுவாங்க. அப்புறம் பொழுது விடியறதுக்குள்ள டிரெயின் ஏறி மெட்ராஸுக்கு ஓடணும். நல்லா யோசிச்சி, எல்லாரும் அஞ்சு போடுங்க நைனா.”

மற்றவர்களுக்கு அது ரயில் பயணம். எனக்கு அதுகூட இல்லை. சென்னைக்கு வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் முன்பே சொல்லிவிட்டார்கள். கிளை மூடினால் என் வேலையும் அன்றோடு முடிந்தது. நான் முப்பது ஐந்துகள் போட்டேன். என் கையெழுத்து அழகானது; ஐந்துகளும் அழகாகவே இருந்தன.

அவர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார்.

“என்ன விட்டா எட்டு பேரு, முப்பது கேள்வி. மொத்தத்துல ஒரே ஒரு நாலு. காய்ச்சல் எவ்ளோன்னு கேட்டா தெர்மாமீட்டர பானைத் தண்ணில வெச்சி எடுத்துனு வந்த மாதிரி கீது. இத நான் அனுப்ப மாட்டேன்.”

“அந்த நாலு போட்டவன் யாரு?” என்றார் மேலாளர்.

“பாத்தீங்களா, நாலுக்கே இந்தக் கேள்வி வருது.”

அனுப்ப வேண்டுமானால் தம் நோட்டையும் சேர்த்தே அனுப்புவேன் என்றார். கடைசிப் பத்துப் பிழைகளை எடுத்தால், தெரிந்த நாளுக்கும் சொன்ன நாளுக்கும் நடுவே எங்கள் கிளையில் சராசரி ஏழு நாள் ஓடுகிறது. ஓர் அலுவலகத்தின் பண்பாட்டுக்கு இதைவிட நேர்மையான அளவு தமக்குத் தெரியாது என்றார். மேலாளர் என் பக்கம் திரும்பினார். சனிக்கிழமைக் கூட்டத்தில் அவருக்கு மறுப்புரை சொல்ல வேண்டியவள் நான்.

சொன்னேன். இன்று நினைத்தாலும் அது நல்ல உரை. மனிதரின் இயல்பைத் தேதிகளால் அளப்பது, மழையை முழக்கோலால் அளப்பதைப் போன்றது என்றேன். தெரிந்த நாள் எது என்பதைச் சொல்பவர் பொய் சொன்னால் அளவே பொய் என்றேன். பிழையைக் கண்டுபிடிக்க ஒருவர் சம்பளம் பெறும்போது மற்றவர்கள் ஏன் பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடித்தேன். மேசையைத் தட்டினார்கள். அவரும் தட்டினார்.

“ரொம்ப நல்லா பேசினம்மா” என்று எழுந்தார். “பொய் சொல்வாங்கதான். எல்லாரும் பொய் சொன்னா எல்லாருமே தெரிஞ்ச அன்னிக்கே சொன்னதா வரும். நோட்டு முழுக்க பூஜ்ஜியம். அப்ப தெரிஞ்சிடும். கடைசியா கேட்டியே, அதுக்குத்தான் பதில் சொல்லணும். எங்க வீட்ல சாமிக்குச் சமைக்கறத யாரும் வாயில வெச்சிப் பாக்க மாட்டாங்க. படைக்கறதுக்கு முன்னால ருசி பாக்கறது கிடையாது. அப்ப உப்பு சரியா கீதான்னு எப்டித் தெரியும்?”

“மோந்து பாப்பாங்க சார்” என்றார், அம்மையார்குப்பத்திலிருந்து வரும் நிரலாளர். தறிக்குடும்பத்துப் பிள்ளை, கிண்டலுக்குப் பஞ்சமில்லாதவர்.

“மோந்தும் பாக்கக் கூடாது. உப்பு போட்டவரு வாய்விட்டுச் சொல்வாரு, உப்பு போட்டாச்சின்னு. பக்கத்துல கீறவரு ஆங்னு வாங்கிக்குவாரு. போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தா, அதையும் அந்த எடத்துலயே சொல்லிடணும். திட்ட மாட்டாங்க. வேற உலை வெப்பாங்க. ஒருத்தரு வாய மூடினு இருந்தாருன்னா, பக்கத்துல எவ்ளோ பெரிய கெட்டிக்காரரு நின்னாலும் பிரயோஜனம் இல்ல. நான் இங்க ருசி பாக்கறவன்தான். ஆனா நீங்க செய்யறது அத்தனையும் என் நாக்குல ஏறாதும்மா.”

“இது கோயில் இல்ல நைனா, கம்பெனி” என்றார் மேலாளர்.

“ஆங், அது தெரியுது” என்று உட்கார்ந்துவிட்டார்.

வாக்கெடுப்பு வைத்திருந்தால் வெற்றி எனக்கே. அந்த வெற்றியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் ஞாயிறு காலை, சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஆடிக் கிருத்திகை என்றைக்கு என்று அம்மா பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அப்படியே நின்றேன்.

எங்கள் மென்பொருளில் கிருத்திகை வேறொரு நாளில் இருந்தது. இரண்டு நாள் முன்னதாக.

அந்த விதியை எழுதியவள் நான். நட்சத்திரங்கள் இருபத்தேழு, ஆகவே இருபத்தேழு நாளுக்கு ஒரு கிருத்திகை என்று ஒரே வரியில், மிடுக்காக எழுதிக் கொடுத்திருந்தேன். திருத்தணியில் பிறந்த எவரும் அதை மறுக்கவில்லை. கிருத்திகையைப் பற்றி எங்களுக்கு வேறு எவர் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு எல்லோருக்கும் இருந்தது. சந்திரனோ ஒரு சுற்றை முடிக்க இருபத்தேழு நாளுக்கு மேல் இன்னும் ஏறக்குறைய எட்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தை மாதத்தில் சரியாக இருந்த கணக்கு, ஆடிக்குள் இரண்டு நாள் விலகிவிட்டது. விடுதிகளிலோ கணினி வந்தபின் நாட்காட்டியைப் பார்க்கும் பழக்கமே போயிருந்தது. தொலைபேசியில், ‘ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு ரூம்’ என்று கேட்டால், திரையில் குறி விழுந்திருந்த நாளிலேயே பதிந்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து காவடியோடு வரும் குடும்பங்கள் உண்மையான கிருத்திகையன்று வந்து நிற்கும். அவர்களுடைய அறையில் வேறு யாரோ இருப்பார்கள். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

திங்களன்று சொல்லியிருக்கலாம். அவரிடம் மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம், பெயரும் வந்திருக்காது. ஆனால் அந்த ஒரு வரி யாருடையது என்று அலுவலகத்துக்கே தெரியும். அவரைத் தோற்கடித்து இரண்டு நாள்கூட ஆகாத நான், அவர் எதிரே போய் எப்படி நிற்பேன்? தாள்கள் போய்ச் சேராததால் சென்னையிலிருந்தே ஆய்வுக்கு வருவதாகச் சேதி வந்திருந்தது; அவர்கள் வந்து போகட்டும், கிளை நிலைக்கட்டும், பிறகு ஓசையின்றித் திருத்திவிடலாம் என்று எனக்கு நானே வாதாடினேன். எதிர்த்துப் பேச ஆளில்லாத மேடையில் யாரும் வெல்லலாம்.

அதற்கடுத்த வாரத்து வியாழனன்று சென்னையிலிருந்து ஓர் அம்மையார் வந்தார். தலைமை அலுவலகத்தின் தர அதிகாரி. நிதானமான பேச்சு, கையில் ஒரு கோப்பு. மேலாளர் ஐந்துகள் நிறைந்த தாள்களை நீட்டினார். ‘ரெண்டு தேதி’ தம்முடைய நோட்டைப் பக்கத்தில் வைத்தார். மேலாளரின் முகம் சிவந்தது.

அம்மையார் இரண்டையும் பார்த்தார். “இங்க எல்லாருமே பயமில்லாம சொல்றீங்கன்னு இது சொல்லுது. சொல்றதுக்கு ஏழு நாள் ஆகுதுன்னு அது சொல்லுது. எதை நான் எடுத்துட்டுப் போறது?”

மேலாளர் என்னைப் பார்த்துக் கண்ணசைத்தார். பேச வேண்டியவை எல்லாம் என்னிடம் தயாராக இருந்தன. எழுந்தேன். கூடியிருந்த எல்லோருடைய முகங்களும் என்மேல். வலக்காதை என் பக்கம் திருப்பி, நான் சொல்லப் போவதை முழுதாகக் கேட்க உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவரே. தம்மைத் தோற்கடிக்கப் போகிறவள் என்று தெரிந்தும் ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்ற கவனம் அந்த முகத்தில். அந்தக் கவனத்தின் முன்னால் என் உரை எனக்கே கேட்கவில்லை.

“ஆடிக் கிருத்திகை தேதி தப்பா இருக்கு” என்றேன். “விதிய எழுதினது நான்தான். எனக்குத் தெரிஞ்சி பதினோரு நாள் ஆச்சு.”

அவர் நோட்டைத் தம் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார்.

“ஞாயித்துக்கிழமையா?”

“ஆமாங்க.”

எழுதினார். அம்மையார்குப்பத்து நிரலாளர் தொண்டையைக் கனைத்தார். “சார், அதே தப்புதான்... எனக்கு அதுக்கும் முன்னாலயே தெரியும். பதினாறு நாளு. எங்க அம்மா காவடி எடுக்கறாங்க, தேதி கேட்டாங்க. இவங்க எழுதின விதியாச்சே, சொன்னா ஒரு மணி நேரம் பேசுவாங்களேன்னு கம்முனு இருந்துட்டேன்.”

அந்தச் சூழலிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. இரண்டு வரிகளையும் சேர்த்துக் கூட்டி வகுத்தார். அடியில் இருந்த ஏழை அடித்துவிட்டு, எட்டு என்று எழுதி, அம்மையாரிடம் திருப்பி நீட்டினார்.

“இப்ப எட்டுங்க. கொஞ்சம் முன்ன சொன்னது பழைய அளவு.”

மேலாளர் தலையில் கை வைத்தார். “இன்னும் யாருக்காவது இன்னாவாவது தெரியுமா? இப்பவே சொல்லிடுங்க நைனா. ஒரேடியா பூட்டிட்டுப் போயிடலாம்!”

அம்மையார் ஐந்துகளை ஓரமாக வைத்தார். புதிய தாள்களைக் கொடுத்து, பெயர் எழுதாமல் நிரப்பி மடித்துத் தம் துணிப்பையில் போடச் சொன்னார். ‘அச்சமின்றிச் சொல்லலாம்’ என்பதற்கு நான் ஒன்று போட்டேன். என் வாழ்நாளில் நான் விரும்பிப் போட்ட ஒரே ஒன்று அது. சராசரி இரண்டும் கொஞ்சமும் வந்தது. இதைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்று அம்மையார் வருத்தத்தோடு சொன்னார்.

“அனுப்புங்க. உள்ளத சொல்லுது” என்றார் அவர்.

அன்று பிற்பகலும் மறுநாள் முழுவதும், விடுதிகளிலிருந்து பெயர்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு குடும்பத்தையும் தொலைபேசியில் அழைத்தோம். நாங்கள் தமிழில் திணறிய இடங்களில் மேலாளரே தெலுங்கில் மன்னிப்புக் கேட்டார். அந்த நேர்மையை அவருக்கு நான் மறுக்க மாட்டேன். ஆடிக் கிருத்திகை அன்று, பதிந்துவிட்டு வந்த எந்தக் காவடியும் எங்கள் மென்பொருள் இருந்த விடுதியின் வாசலில் நிற்கவில்லை.

தீபாவளிக்கு முன்பே கிளையை மூடினார்கள். ‘அந்தாளு வாயாலதான் ஆபீஸு போச்சு’ என்று ஊரில் பேசினார்கள். நான் கேட்கிறேன்: வேறு கிளைகள் அனுப்பிய ஐந்துகளை எவராவது பிரித்துப் பார்த்தார்களா? தன் காய்ச்சலை ஒளிக்காமல் சொன்னதற்காக ஒரு நோயாளியைக் கட்டிலிலிருந்து இறக்கிவிட்டவர்களை விட்டுவிட்டு, காய்ச்சலைப் பார்த்துச் சொன்னவர்மேல் கல்லெறிவது எந்த ஊர் நியாயம்? பதில் இருப்பவர்கள் என் எதிரே வந்து சொல்லட்டும். ஆகாதவர் என்றார்கள், அவருடைய நோட்டில் அந்தக் கிளையின் பிழைகள் அத்தனையும் இருந்தன, ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. அப்படி ஒரு நோட்டை வைத்திருந்தவர் யாருக்கு ஆகாதவர்?

கடைசி நாளில் மேலாளர் எல்லோருக்கும் அனுபவச் சான்றிதழ் தந்தார். எட்டிலும் ஒரே வாசகம்: கடும் உழைப்பாளி, நேர்மையாளர், தலைமைப் பண்பு மிக்கவர். என் வேலையை நேரில் பார்த்தவர் என்ற முறையில் ‘ரெண்டு தேதி’யிடமும் ஒன்று கேட்டேன். நின்றபடியே, கையாலேயே எழுதிக் கொடுத்தார். மாடிப்படியில் நின்று படித்தேன்.

‘இவர் ஒரு தவறைத் தெரிந்தபின் பதினோரு நாள் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள், தம் வேலை போகும் என்று தெரிந்தும், வெளியார் முன்னால் எழுந்து நின்று தாமே சொன்னார். மற்றவற்றை நான் அளக்கவில்லை.’

திரும்பிப் படியேறினேன். “இத காட்டினா எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்?”

“காட்டச் சொல்லலியேம்மா. நீ கேட்ட, நான் பாத்தத எழுதினேன்.”

“கொஞ்சம் நல்லா எழுதக் கூடாதா?”

அவர் உண்மையிலேயே வியந்தார். தாளை என் கையிலிருந்து வாங்கி இன்னொரு முறை படித்தார். “இதுக்கு மேல நல்லா எனக்கு எழுத வராதும்மா” என்று திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் மூன்று நாள் வாதாடினேன். நடுவர் இல்லாத போட்டியில் அதுதான் எனக்கு முதல் வெற்றி. நான்காம் நாள், திருத்தணியிலிருந்து சென்னைக்குப் புறப்படும் ரயிலில் இரண்டு சான்றிதழ்களோடு ஏறினேன். முதல் நேர்காணலில், அவர் எழுதியதையே எடுத்து நீட்டினேன். படித்தவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்தவருக்கும் காட்டினார். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அடுத்த வாரம் இன்னொரு நிறுவனத்தில் அழைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். “உங்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்வார்கள்?” என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

மேலாளர் தந்ததைக் கோப்பிலேயே விட்டுவிட்டு, கையால் எழுதியதை அவர்கள் பக்கம் தள்ளினேன்.